சேக்காட்டு இளைஞனின் முதல் கைது

2022 ஜனவரி 1 அன்று ஆவடி தனிக் காவல் ஆணையரகமானது. ஆவடி, செங்குன்றம் என்று இரண்டு காவல் மாவட்டங்கள், புதிய துணை ஆணையர்கள், தனி மத்தியக் குற்றப் பிரிவு என ஒரு முழு நிர்வாகம் உருவானது. ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் மனை வாங்கி ஏமாந்தவரும், தண்டுரையில் நகை பறிகொடுத்தவரும் கமிஷனரைப் பார்க்கச் சென்னை வேப்பேரி வரைக்கும் போக வேண்டிய நிலை மாறியது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புகார் கொடுக்கும் இடம் பக்கத்தில் இருப்பதே எளியவருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால், சேக்காட்டுக்குக் காக்கிச் சட்டை புதிதல்ல. சுற்றுவட்டாரத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் இருக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் இருக்கிறது. ராணுவத்துக்கு டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. இத்தனை சீருடைகள் நடமாடும் வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கும்? அப்படியிருந்தும் சங்கிலிப் பறிப்பும் கஞ்சாப் பொட்டலமும் பட்டாக்கத்தியும் இந்தப் பக்கத்துச் செய்திகளில் ஓயவில்லை. போலீஸ் அருகில் இருப்பதால் மட்டும் குற்றம் குறைந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காவல் துறையைச் சீர்திருத்த வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம் பேசுகிறார்கள். குற்றத்தின் வேர் வறுமையில், வேலையின்மையில், போதையில் இருக்கிறது என்கிறவர்கள் இன்னொரு பக்கம் பேசுகிறார்கள். இந்த இரண்டு பேச்சும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் முதல் முறையாகப் பிடிபட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்படுகிற இரவு அது. அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தவை குற்றத்தின் வேர்கள். அங்கிருந்து அவன் எங்கே போகப்போகிறான் என்பது பெரும்பாலும் காவல் துறையின் கையில் இருக்கிறது. அந்த ஓர் இரவைச் சரியாகக் கையாளத் தெரியாத துறை, எத்தனை ஆணையரகம் அமைத்தாலும், நாளைய ரவுடியைத் தானே வளர்த்துவிடும்.

ரயில் பெட்டியில் கிடைக்கும் பதவி

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி போகும் புறநகர் ரயில்களில்தான் இந்தப் பகுதிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களில் பலர், வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். இந்த ரயில்களிலும் மாநகரப் பேருந்துகளிலும்தான் ‘ரூட்டு தல’ வழக்கம் வேர்விட்டது. எந்த வழித்தடத்தில் எந்தக் கல்லூரியின் கொடி பறக்க வேண்டும் என்பதற்காகத் தாளம் போட்டுப் பாடத் தொடங்கி, கத்தியில் முடிகிற வழக்கம் அது.

2024 அக்டோபரில் திருத்தணிப் பக்கமிருந்து வந்து படித்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டுச் சில நாள்களில் உயிரிழந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்குள் நிலத்தகராறோ கொடுக்கல் வாங்கலோ கிடையாது. அடையாள அட்டையில் கல்லூரியின் பெயர் வேறாக இருந்தது, அவ்வளவுதான். படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று எடுத்துச் சொல்ல வீட்டிலும் கல்லூரியிலும் ஆளில்லாத பையனுக்கு, ரயில் பெட்டியில் நாலு பேர் கொடுக்கிற மரியாதைதான் கைக்கெட்டிய பதவி. அதைப் பறிக்க வருபவன் எதிரி. இதை வெறும் ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிட்டால், பிளாட்பாரத்தில் பையைச் சோதிப்பதைத் தாண்டி நாம் எதையும் செய்யப்போவதில்லை.

பையைச் சோதிக்கட்டும், அதில் தவறில்லை. அதற்கு அடுத்து நடப்பதுதான் கவலை. கலாட்டாவில் கூட நின்றவனும் கத்தி எடுத்தவனும் ஒரே எஃப்.ஐ.ஆரில் ஏறுகிறார்கள். ஆவடிப் பக்கத்துப் பையன்களில் பலருக்கு போலீஸ் வேலையும் ராணுவ வேலையும்தான் கனவு. காலையில் மைதானத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால், தமிழ்நாட்டில் சீருடைப் பணிக்கான விதிகளின்படி, குற்ற வழக்கில் சிக்கியவருக்கு போலீஸ் வேலையின் வாசல் அடைபடும். சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தாலும், அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். கூட்டத்தில் நின்ற ஒரு மாலைப் பொழுதுக்கு ஒரு வாழ்நாள் வேலையை விலையாகக் கொடுத்த பையனிடம், திருந்து என்று சொல்ல நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

பேட்டரிக்கு ஓர் உயிர்

ஒரு சிறுவனின் கைது எவ்வளவு கொடூரமாக முடியலாம் என்பதைப் புறநகரின் இன்னொரு முனையில் பார்த்தோம். 2022 டிசம்பர் கடைசியில், தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடியதாக 17 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஆண்டு முடிவதற்குள் அங்கேயே அடிபட்டு இறந்தான். இல்லத்தின் கண்காணிப்பாளர் உள்ளிட்ட ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. சிறார் இல்லங்களைச் சீர்செய்ய விரிவான பரிந்துரைகளுடன் 2023-ல் அவர் அறிக்கை கொடுத்தார்.

அந்தச் சிறுவனை அடைக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தில் பிணைதான் விதி, அடைத்து வைப்பது விதிவிலக்கு. 18 வயதைத் தாண்டியவர்களுக்கும் சட்டம் இரக்கம் காட்டுகிறது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனையே மூன்றாண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஒரு படி மேலே போகிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமோ, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் செய்தவர் தவிர, 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது. சென்னை மாகாணத்தில் 1925-லேயே பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்துவிட்டது. இளம் குற்றவாளியைப் பழைய குற்றவாளிகளோடு ஒரே கொட்டடியில் போடக் கூடாது என்று நூறாண்டுக்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டத்தில் இத்தனை வழிகள் இருந்தும் ஸ்டேஷனில் ஏன் அவை திறப்பதில்லை? போலீஸார் எல்லாரும் கொடியவர்கள் என்ற பதில் எளிது, ஆனால் அது உண்மையல்ல. காவல் நிலையத்தின் உள்வேலையைப் பார்க்க வேண்டும். ஒரு குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டரை மேலதிகாரி கேட்கிற முதல் கேள்வி, ‘ரெக்கவரி என்ன?’ என்பது. எத்தனை சவரன் மீட்டீர்கள், எத்தனை வழக்கு ‘டிடெக்ட்’ ஆனது, மாதத்துக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்கில்தான் நல்ல அதிகாரி அளக்கப்படுகிறார். ஒரு பையனைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலரிடம் ஒப்படைத்து, அவன் மறுபடி ஸ்டேஷன் படியேறாமல் பார்த்துக்கொண்ட அதிகாரிக்கு எந்தக் கணக்கிலும் மதிப்பெண் கிடையாது.

அந்த அதிகாரிக்கு நேரமும் கிடையாது. காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியக் காவலர் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார். தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு வார விடுமுறை என்று அரசாணை வந்ததே 2021 நவம்பரில்தான். அதுவும் பந்தோபஸ்து வந்தால் பறந்துவிடும் என்பதைக் காவலர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அதிகாரிகள் வீட்டு வேலைக்குக் காவலரை அனுப்பும் ஆர்டர்லி முறையை ஒழிக்க 1979-ல் அரசாணை வந்தது. 2022-ல் உயர் நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியிருந்தது. தன்னை மனிதனாக நடத்தாத துறையில் இருக்கும் காவலர், தன் முன் நிற்கும் பையனை மனிதனாக நடத்த வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஆனால், அதற்கு முதலில் அவருக்குத் தூக்கமும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

நேரமில்லாத, பயிற்சியில்லாத விசாரணைக்கு மிஞ்சுகிற கருவி அடி. கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு இளைஞர்கள் நிற்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள் என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் கழிப்பறை கைதானவர்களுக்கு மட்டும் எப்படி வழுக்குகிறது என்று உயர் நீதிமன்றமே 2025-ல் கேட்டது. அந்தப் படத்துக்குக் கீழே கைதட்டுகிறவர்கள் நம் உறவினர்கள், நம் நண்பர்கள். அதே ஆண்டு ஜூனில், நகை காணாமல்போன புகாரில், எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் தனிப்படை அழைத்துச் சென்ற மடப்புரம் கோயில் காவலாளி அடிபட்டு இறந்தபோது தமிழ்நாடே கொதித்தது. மாவுக்கட்டைப் பார்த்துக் கைதட்டிய கையும், மடப்புரத்துக்காகக் கண்ணீர் விட்ட கண்ணும் ஒரே ஆளுடையவை. இந்த முரண்பாட்டை முதலில் நாம் தீர்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு, சாகும்வரை அடிக்காதே என்று எல்லை போட எந்தச் சமூகத்தாலும் முடிந்ததில்லை.

சென்னை மாகாணத்துக்கு இது 170 ஆண்டுப் பழைய பாடம். வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் மக்கள் வதைக்கப்படுவதை ஆராய அமைக்கப்பட்ட குழு 1855-ல் அறிக்கை கொடுத்தது. விரல்களை மரச்சட்டத்தில் வைத்து நசுக்கும் ‘கிட்டி’, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே பதிவாகியுள்ளன. அதன் விளைவாக 1859-ல் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்து மாவட்டக் காவல் சட்டம் வந்தது. ஆளும் அதிகாரமும் அடிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் வதை வளரும் என்பதுதான் அன்று கண்ட உண்மை.

அந்த உண்மைக்கு எதிர்த்திசையில் நாம் நடந்துகொண்டிருக்கிறோம். ஆணையரக முறையில், மாவட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிற நிர்வாக நடுவர் அதிகாரங்கள் போலீஸிடமே வந்துசேர்ந்தன. நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதையும், அதை மீறினால் சிறைக்கு அனுப்புவதையும் துணை ஆணையர்களே செய்துவந்தார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்த அரசாணைகளை உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்தது. அதற்கடுத்த படி 1982-ம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். தடுப்புக் காவலில் இருப்போரின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. கடைசிப் படி துப்பாக்கி. 2023 அக்டோபரில் ஆவடி ஆணையரகத்தின் தனிப்படை சோழவரம் அருகே கொலை வழக்கில் தேடப்பட்ட இருவரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் மீது கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆனால், அந்தக் குற்றச்சாட்டுகளின் உண்மையை இனி எந்த நீதிமன்றமும் அறிய முடியாது. அவர்களுக்குப் பணம் கொடுத்தவர் யார், பாதுகாப்பு கொடுத்த பெரிய மனிதர் யார் என்ற கேள்விகளும் அவர்களோடு போய்விட்டன.

நகை பறிகொடுத்து, கழுத்தில் காயத்தோடு நிற்கிற பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு வேண்டியது மூன்று: புகாரை அன்றே பதிவது, நகையை மீட்பது, மறுபடி நடக்காமல் காப்பது. முதல் இரண்டும் பொறுமையான புலனாய்வால் நடக்கும். மூன்றாவது, பிடிபட்ட பையன் ஆறு மாதம் கழித்து எந்தக் கூட்டாளிகளோடு புழல் சிறையிலிருந்து வெளியே வருகிறான் என்பதைப் பொறுத்தது. இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அங்கே அவனுக்குப் பாடம் எடுப்பது பழைய கைதி.

ஆவடி போட்ட தீர்மானம்

வேரைப் பற்றிப் பேசும்போது ஆவடிக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. 1955 ஜனவரியில், காமராஜர் முதல்வராக இருந்தபோது, யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில்தான் கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே இலக்கு என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. அது காகிதத்தோடு நிற்கவில்லை. அடுத்த பத்தாண்டில் டேங்க் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. ஐ.டி.ஐ. முடித்த பையன் தொழிற்சாலைக்குள் நுழைந்து, சொசைட்டியில் கடன் வாங்கி, ஒரு மனை வாங்கி, தங்கையைக் கட்டிக்கொடுத்த காலம் இந்த ஊர்களுக்கு இருந்தது. சேக்காட்டின் பல வீடுகள் அந்தச் சம்பளத்தில் எழுந்தவை.

இன்று அந்தப் பையனின் பேரன் ஒப்பந்தத் தொழிலாளி. அம்பத்தூரின் டன்லப் ஆலை மூடப்பட்டுவிட்டது. அரசுத் தளவாட ஆலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால், அந்தக் கட்டடத்தில் சேக்காட்டுப் பையன் கணினி முன் உட்காரப்போகிறானா, வாசலில் செக்யூரிட்டியாக நிற்கப்போகிறானா என்பதை ஆவடி மாநகராட்சியின் பள்ளிகளும் அரசு ஐ.டி.ஐ.களும் முடிவு செய்யும். எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் பள்ளியைவிட்டு நின்றவர்கள் யார், எந்தத் தெரு என்ற பட்டியல் கல்வித் துறையிடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் இருக்கும் ரவுடிப் பட்டியலைவிட அதுதான் குற்றத் தடுப்புக்கு முக்கியமான பதிவேடு.

இது ஆகிற காரியமா என்றால், ஆகியிருக்கிறது. கத்திக்குத்துக்குப் பேர்போன கிளாஸ்கோ நகரில் 2005-ல் வன்முறைக் குறைப்புப் பிரிவை ஆரம்பித்தது போலீஸ்தான். இளைஞர் வன்முறையைத் தொற்றுநோயைப் போல, வருமுன் காக்க வேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். கோஷ்டிப் பையன்களை நீதிமன்றக் கூடத்துக்கு அழைத்து, பிள்ளையை இழந்த தாயைப் பேசவைத்தார்கள். வன்முறையை விடுகிறவனுக்குப் படிப்பும் வேலைப் பயிற்சியும் தரும் தொலைபேசி எண்ணைக் கையில் கொடுத்தார்கள். பின்னர், காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருபவனிடம் படுக்கையருகே போய்ப் பேச, அந்த வாழ்க்கையைத் தாண்டி வந்தவர்களையே நியமித்தார்கள். கத்தி வைத்திருந்தவர்களுக்குத் தண்டனையைத் தளர்த்தவில்லை. பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தின் கொலை எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. சென்னையில் காவல் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் நெடுநாளாக இருக்கின்றன. 2022-ல் பள்ளி மாணவர்களுக்கான ‘சிற்பி’ திட்டமும் வந்தது. நம்மிடம் விதை இருக்கிறது. ஒரு கமிஷனர் மாறினால் அவர் திட்டமும் மாறிப்போகிற வழக்கம்தான் அதை முளைக்கவிடுவதில்லை.

யாரிடம் முறையிடுவது?

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. புலனாய்வையும் சட்டம்-ஒழுங்கையும் பிரிக்க வேண்டும் என்பது ஒன்று. டி.ஜி.பி.யை முறைப்படி தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பதவியில் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. 2025 ஆகஸ்ட் முடிவில் தமிழ்நாடு ‘பொறுப்பு’ டி.ஜி.பி.யோடு நின்றது. சேக்காட்டுப் பையனுக்கு இவற்றைவிட நெருக்கமான கட்டளை வேறொன்று: போலீஸ் மீதான புகாரை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும். மாநில அளவில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். போலீஸ் எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ அந்தத் துறையின் செயலரிடமே போலீஸைப் பற்றி முறையிடச் சொல்கிறது நம் சட்டம். அ.தி.மு.க. ஆட்சியில் வந்த இந்த ஏற்பாட்டைத் தி.மு.க. ஆட்சியும் தொடர்ந்தது. கட்சிகள் மாறினாலும் இந்த விஷயத்தில் அரசு ஒரே அரசுதான்.

கையில் மாவுக்கட்டோடு நிற்கிற பையனின் தாய், மகனை ஜாமீனில் எடுக்கவே வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பாள். உயர் நீதிமன்றம்வரை அவள் போக மாட்டாள். ஆவடியிலேயே, போலீஸுக்கும் ஆட்சியருக்கும் கட்டுப்படாத ஒரு நீதிபதியின் மேசை இருந்தால் போவாள். அங்கே ஸ்டேஷனின் சி.சி.டி.வி. பதிவைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இருக்க வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, பதிவு இல்லை என்ற பதிலை எந்த ஸ்டேஷனிடமிருந்தும் ஏற்கக் கூடாது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருவள்ளூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். காவல் துறை மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் சபைக்கு வருகிறது. புதிய ஜீப்புகளும் புதிய கட்டடங்களும் அறிவிக்கப்படும்போது மேசையைத் தட்டுங்கள். அதற்குப் பிறகு எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள்: ஆவடி ஆணையரகத்தில் சென்ற ஆண்டு முதல் முறையாகக் கைதான 21 வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நன்னடத்தை அலுவலரிடம் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர், மறுபடி கைதானவர்கள் எத்தனை பேர்? 2013 சட்டத்தின் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி எப்போது தலைவராவார்? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.